தவறு செய்யும் உரிமை யாருக்கு? காலநிலைச் சொல்லாடலும் மயிலாடும்பாறைப் பெண்களும்

2008 ஜூன் மாதம் இந்திய அரசு வெளியிட்ட காலநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டத்தில் பெண்களைப் பற்றி ஒரு சிறு பகுதி உண்டு. தண்ணீர் குறையும், காட்டிலிருந்து கிடைப்பது குறையும், நோய்கள் கூடும். அதனால் வீட்டிலுள்ள குழந்தைகளும் பெண்களும் முதியவர்களும் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்பது அதன் சாரம். தவறான கருத்து என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பகுதியில் பெண் எப்படி வருகிறாள் என்று கவனிக்க வேண்டும். தண்ணீர் சுமப்பவளாக, நோயில் விழுபவளாக, இரக்கத்துக்கு உரியவளாக வருகிறாள். விதைப்பதா வேண்டாமா, கடன் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவளாக அங்கே அவளைக் காண முடிவதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நம் அரசு ஆவணங்களும் தொண்டு நிறுவன அறிக்கைகளும் இந்தச் சித்திரத்தையே பெரும்பாலும் திருப்பி எழுதிவருகின்றன.

காலநிலை மாற்றத்தோடு வாழ்வது என்பது முழுதாகத் தெரியாமலேயே முடிவெடுப்பதுதான். எந்த மழைக்கு விதைப்பது, எங்கே போர் போடுவது, அணையில் எத்தனை அடி தேக்குவது, எந்தக் காட்டை மூடுவது என எல்லாமே பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் எடுக்கப்படும் முடிவுகள். அவற்றில் சில தவறிப்போகும். ஆகவே யாருக்கு என்ன தெரியும் என்று கேட்பதோடு, கணிப்பு தவறினால் யாருடைய கையிலிருந்து என்ன போகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. தேனி மாவட்டத்தின் மயிலாடும்பாறைப் பகுதியை முன்வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

விஞ்ஞானம் தன் ஐயத்தைச் சொல்லும் முறை

முதலில் விஞ்ஞானத்துக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். 1988-இல் உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து உருவாக்கிய ஐபிசிசி என்னும் அரசுகளுக்கிடையிலான குழு, தனக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்லவே ஒரு தனி மொழியை வைத்திருக்கிறது. அதன் அறிக்கையில் ஒன்று ‘நிகழக்கூடும்’ என்று இருந்தால், நிகழ்தகவு குறைந்தது 66 விழுக்காடு என்று பொருள். ‘பெரிதும் நிகழக்கூடும்’ என்றால் 90. ‘ஏறத்தாழ உறுதி’ என்றால் 99. அதன் ஆறாம் மதிப்பீட்டின் முதல் பகுதி 2021 ஆகஸ்டில் வந்தது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிடப் பூமி ஏறக்குறைய 1.1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது, அதற்கு மனிதச் செயல்கள் காரணம் என்பதில் ஐயமே இல்லை என்றது. ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும்; அதனால் கனமழை இன்னும் கனமாகும் என்பதிலும் பெரிய தகராறு இல்லை.

பருவமழைக்கு வரும்போது கதை சிக்கலாகிறது. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் 0.7 டிகிரி கூடியது. 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழை 6 விழுக்காடு குறைந்தது. புகையும் தூசித்துகள்களும் சூரிய ஒளியை மறைத்தது அந்தக் குறைவுக்கு முக்கியமான காரணம் என்கிறார்கள். இதே விஞ்ஞானம்தான் இந்த நூற்றாண்டில் பருவமழை கூடும் என்றும் சொல்கிறது. இதுவரை குறைந்தது, இனிக் கூடலாம், ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும் வேறுபாடும் பெருகலாம். இதில் முரண்பாடு இல்லை. ஆனால் ஒரு விவசாயிக்கு இதை வைத்து என்ன செய்வதென்று உடனே விளங்காது.

ஊரை நெருங்க நெருங்க ஐயம் கூடுகிறது. உலக அளவிலான காலநிலை மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டத்தின் பக்கம் பெரும்பாலும் நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும். அப்படி ஒரு கட்டத்துக்குள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடும் விழலாம். மலை மறைவில் காயும் கடமலைக்குண்டும் விழலாம். மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பெய்யும் மழைக்குள்ள வேறுபாட்டை இங்கே ஒரு பள்ளிச் சிறுமியும் சொல்வாள். கட்டத்துக்கு அது தெரியாது.

இந்த ஐயத்தை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு விஷயம். நயோமி ஓரெஸ்கஸ் என்ற அறிவியல் வரலாற்றாளர், எரிக் கான்வேயுடன் 2010-இல் எழுதிய நூலில், புகையிலை நிறுவனங்கள் கையாண்ட அதே உத்தியில் காலநிலை விஷயத்திலும் ஐயம் ஒரு சரக்காகத் தயாரிக்கப்பட்டதைக் காட்டினார். ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்ற வாக்கியம் எண்ணெய் நிறுவனங்களுக்குப் பல ஆண்டு அவகாசம் வாங்கித் தந்தது. ஐயம் வலியவருக்கு அவகாசமாகிறது. எளியவருக்கு என்னவாகிறது என்பதை ஊரில்தான் பார்க்க முடியும்.

ஒரே மாவட்டம், இரண்டு பள்ளத்தாக்குகள்

தேனி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கம்பம் பள்ளத்தாக்கின் பச்சை. அங்கே 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது முல்லைப்பெரியாறு அணையின் நீரால். 1886-இல் கையெழுத்தான குத்தகை ஒப்பந்தமும் 1895-இல் முடிந்த அணையும் மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பின. கம்பத்து விவசாயிக்கு மழை தப்பினாலும் அணை இருக்கிறது.

மயிலாடும்பாறை அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. வருசநாட்டு மலையில் பிறந்து வரும் மூல வைகைதான் அதன் ஆறு. மழைக்காலத்தில் வெள்ளமாக ஓடி, மற்ற மாதங்களில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும். பெரியாற்று நீர் இந்தப் பக்கம் வருவதில்லை. 1959-இல் திறந்த வைகை அணையோ ஆற்றின் கீழே இருக்கிறது. இந்த ஊர்களின் மழை அங்கே போய்த் தேங்கி மதுரைப் பக்கத்து வயல்களுக்கும் குழாய்களுக்கும் போகிறது. கடமலை-மயிலை ஒன்றியத்தில் இலவம், கொட்டை முந்திரி, அவரை, பீன்ஸ், தக்காளி என்று மானாவாரியையும் போர் தண்ணீரையும் நம்பி விவசாயம் நடக்கிறது. இலவமரம் காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். இன்று கன்று நடுகிறவர் அடுத்த இருபது ஆண்டு மழையைப் பற்றி ஒரு முடிவெடுக்கிறார். தக்காளி போடுகிறவர் அடுத்த மூன்று மாத மழையைப் பற்றி.

கம்மல் என்னும் காப்பீடு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பு மாவட்டவாரியாக மழை முன்னறிவிப்பு தருகிறது. அது 60 விழுக்காடு நிகழ்தகவில் சொல்லப்படுகிறது. நேர்மையான முறைதான். ஆனால் அறுபதை நம்பி விதைக்கலாமா?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கருக்குச் செலவு 20,000 ரூபாய். மழை சரியாக இருந்தால் வரவு 45,000. தப்பினால் ஒன்றுமில்லை. பத்துப் பருவத்தில் ஆறு வாய்த்தால் வரவு 2,70,000, செலவு 2,00,000, மிச்சம் 70,000. காகிதத்தில் விதைப்பதே சரியான முடிவு. ஆனால் எந்த ஆறு வாய்க்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. முதல் இரண்டு பருவமும் அடுத்தடுத்துத் தப்புவதற்கு நூற்றில் பதினாறு வாய்ப்பு உண்டு. முதல் 20,000 கம்மலை அடகு வைத்து வந்தது என்றால், இரண்டாம் பருவம் தப்பியதும் கம்மல் ஏலத்துக்குப் போகும். மூன்றாம் பருவத்தில் மழை பொழிந்தாலும் விதைக்கக் காசு இருக்காது. பத்துப் பருவத்தின் சராசரி லாபம் பத்துப் பருவமும் களத்தில் நிற்க முடிந்தவருக்கே கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒருத்தி வீட்டில் நோய் வந்தால் பக்கத்து வீட்டில் கைமாத்து வாங்கலாம். மழை தப்பினால் பக்கத்து வீட்டுக்கும் அதே கதிதான். ஊரே ஒரே நாளில் அடகுக்கடைக்குப் போகும்போது கடன் கிடைப்பது அரிதாகிறது, வட்டி ஏறுகிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது; 2017 ஜனவரி 10 அன்று அன்றிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அப்படிப்பட்ட ஆண்டில் மாநிலத்தின் எந்த மூலையிலும் பக்கத்து வீடு இல்லை.

இங்கே அடகுக்குப் போகும் பொருள் யாருடையது என்று பொருளாதார ஏடுகள் அதிகம் கேட்பதில்லை. நிலம் பெரும்பாலும் கணவன் பெயரில். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவில் நிலத்தை நடத்துபவர்களில் பெண்கள் 14 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. பெண் கையில் இருப்பவை நகையும் ஆடும் மகளிர் குழுவில் வாங்கக்கூடிய கடனும். எங்கே போர் போடுவது, எத்தனை அடி இறங்குவது என்ற முடிவு ஆண்களின் பேச்சில் உருவாகிறது. அதற்கான பணம் அவள் காதிலிருந்தும் அவள் கையெழுத்திலிருந்தும் வருகிறது. மழைக்கு நிச்சயம் கிடையாது, வாரத் தவணைக்கு நிச்சயம் உண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கூலி வேலைக்குப் போயும், தன் சாப்பாட்டைக் குறைத்தும் அவளே அடைக்கிறாள். காலநிலைக்கு ஈடுகொடுக்கும் முதல் காப்பீட்டுத் திட்டம் இந்த ஊர்களில் பெண்ணின் கம்மல்தான். அதற்கு யாரும் பிரீமியம் கட்டுவதில்லை.

அரசுக் காப்பீடு 2016 முதல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டமாக இருக்கிறது. அதில் விளைச்சல் இழப்பு ஒரு தோட்டத்துக்கென்று கணக்கிடப்படுவதில்லை. ஒரு கிராமம் அல்லது அதைவிடப் பெரிய பகுதியின் சராசரி பார்க்கப்படுகிறது. பதிவு செய்யச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். பட்டா இல்லாத காட்டோர நிலத்தில் பாடுபடுகிறவளுக்கும், குத்தகைக்கு எழுத்து இல்லாதவளுக்கும் இந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. நிலம் பெயரில் இல்லாததால் தற்கொலை செய்துகொண்ட பெண் விவசாயிகள் ‘இல்லத்தரசி’ என்று கணக்கில் ஏறுவதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார். சாவிலும் விவசாயி என்ற பெயர் கிடைப்பதில்லை.

அடிக்கணக்கும் தெர்மாகோலும்

அரசு தெரியாமையில் எப்படி முடிவெடுக்கிறது என்பதை இதே மாவட்டத்து நீரில் பார்க்கலாம். முல்லைப்பெரியாற்றில் 152 அடிக்குக் கட்டப்பட்ட தேக்கம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2006-இலும் பிறகு 2014 மே 7 அன்றும் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. நிபுணர் குழுக்கள் வந்தன, ஆய்வுகள் நடந்தன, இரு மாநிலங்களும் தங்கள் தரப்பை எழுதி வைத்தன. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, மாத இறுதிவரை நீர்மட்டத்தை 139.99 அடிக்குள் வைக்கும்படி நீதிமன்றம் ஆகஸ்ட் 24 அன்று உத்தரவிட்டது. நிலைமை மாறியதும் முடிவு மாறியது; அபாயம் கடந்ததும் பழைய அளவுக்குத் திரும்ப வழியும் இருந்தது. தெரியாமையில் முடிவெடுக்க இது நல்ல முறை. தற்காலிகமாக முடிவெடு, கவனி, திருத்து.

2017 ஏப்ரல் 21 அன்று வைகை அணையில் நடந்தது வேறு. நீர் ஆவியாவதைத் தடுக்க அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளியது. தமிழ்நாடே சிரித்தது. சிரிப்பில் ஒன்றைக் கவனிக்க மறந்தோம். அந்த முயற்சி தோற்றதால் அதைச் செய்தவர்கள் யாரும் வீட்டையோ நகையையோ இழக்கவில்லை. சில நாள் கேலியோடு அது முடிந்தது.

முறையாக எடுத்த முடிவோ, அவசரமாக எடுத்த முடிவோ, அரசுக்கு இரண்டிலும் திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதையே தவறு செய்யும் உரிமை என்கிறேன். மயிலாடும்பாறையில் தவறான இடத்தில் போட்ட ஒரு போருக்கு அந்த உரிமை கிடையாது. துளைத்த அடிக்கு அடி பணம் கட்டியாக வேண்டும், தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும்.

முன்னெச்சரிக்கையின் சுமை

2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பு. வைகையின் நீர்ப்பிடிப்பு பாதுகாக்கப்படும் என்பது அப்போது சொல்லப்பட்ட முக்கியமான பயன்களில் ஒன்று. வருசநாட்டு மலையில் காடு அழிந்தது உண்மை. அதை மறுப்பது நம் வேலை இல்லை. காடு மண் அரிப்பைத் தடுக்கும், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும். மரங்களும் நீரைக் குடிக்கும். கோடையில் ஆற்றில் எவ்வளவு நீர் கூடும் என்பது மண்ணையும் பாறையையும் மரத்தின் இனத்தையும் பொறுத்தது. இந்த மூன்றாம் பகுதி ஐயத்துக்குரியது. ஆனால் காட்டோரக் குடியிருப்புகளுக்கு வந்து சேரும்போது அது ‘நீங்கள் வெளியேறினால் வைகை ஓடும்’ என்ற உறுதியாக மாறிவிடுகிறது. நூற்றுக்கணக்கான ஏக்கரை வளைத்தவர் உண்டென்றால் அவருக்கும், இரண்டு ஏக்கரில் இலவம் வளர்ப்பவளுக்கும், பரம்பரையாகக் காட்டில் வாழும் பளியர்களுக்கும் ‘ஆக்கிரமிப்பு’ என்ற ஒரே சொல்லின் நிழல் விழுகிறது.

முழு ஆதாரம் வரும்வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கையாகச் செயல்பட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்துக்குள் வந்தது தமிழ்நாட்டு வழக்கொன்றின் வழியாகத்தான். 1996-இல் வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. தன் செயலால் தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றும் சொன்னது. பாலாற்றங்கரையில் அந்தச் சுமை முதலாளியின் தோளில் ஏறியது. வருசநாட்டில் யார் தோளில் ஏறுகிறது? 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, பழங்குடி அல்லாத காட்டுவாசிகள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். எழுபத்தைந்து ஆண்டுக் காகிதம் ஆண்களிடமே அரிது. கல்யாணமாகி வேறு ஊரிலிருந்து வந்த பெண்ணிடம் எங்கிருந்து வரும்? இதே சட்டம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை பதிய வேண்டும் என்கிறது. வன உரிமைக் குழுவில் மூன்றிலொரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கிராம சபையை முடிவெடுக்கும் இடமாக வைத்த இந்தச் சட்டத்தைக் காலநிலைச் சட்டமாகவும் நாம் வாசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்தது. 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தில் மாவட்டப் பொறுப்பு ஆட்சியரிடமும் மாவட்ட வன அலுவலரிடமும் இருக்கிறது. ஊராட்சியில் பெண்ணுக்கு நாற்காலி கிடைத்திருக்கிறது; காலநிலை முடிவு அந்த நாற்காலிக்கு மேலேயே எடுக்கப்படுகிறது.

‘மழையை அறிந்தவள்’ என்ற புகழ்ச்சி

இங்கே பெண்ணியம் பேசுகிறவர்களுக்கும் ஒரு பொறி இருக்கிறது. பெண் இயற்கைக்கு நெருக்கமானவள், மழையின் குறிப்பறிந்தவள், அவளிடம் விட்டால் பூமி பிழைக்கும் என்று எழுதுவது எளிது. 1992-இலேயே பீனா அகர்வால் இதை மறுத்தார். கிராமப் பெண்ணுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவு அவளது உழைப்பிலிருந்தும் சொத்துரிமையிலிருந்தும் சாதி, வர்க்க இடத்திலிருந்தும் வருகிறதே தவிர உடலிலிருந்து வருவதில்லை என்றார். 2011-இல் சீமா அரோரா-யான்சன், காலநிலைப் பேச்சில் பெண் ஒன்று பாவப்பட்டவளாக அல்லது புண்ணியவதியாக மட்டுமே வருகிறாள் என்று காட்டினார். இரண்டிலும் அதிகாரத்தைப் பற்றிய கேள்வி காணாமல் போகிறது.

பெண்கள் அனைவரும் ஒரே பக்கத்தில் நிற்பதுமில்லை. போர் வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணுக்கும், அந்தத் தோட்டத்தில் அவரை பறிக்கப் போகும் தலித் பெண்ணுக்கும், காட்டுக்குள் போக அனுமதி கேட்க வேண்டிய பளியப் பெண்ணுக்கும் மழை தப்புவதன் பொருள் வேறு வேறு. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களில் தமிழ்நாட்டில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள் என்பதைத் தாய்மையின் பொறுமையாகப் புகழ வேண்டாம். மழையோடு கட்டிப்போடாத கூலி அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை என்று வாசிக்கலாம். மயிலாடும்பாறைப் பெண்ணுக்கு எதிர்கால மழை முன்கூட்டியே தெரியும் என்று நாம் நிறுவ வேண்டியதில்லை. ஐபிசிசிக்கே தெரியாதது அவளுக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு சுமைதான். தெரியாமல் எடுத்த முடிவு தவறினால் அவளும் எழுந்து நிற்க முடிய வேண்டும் என்பதே கோரிக்கை.

அதற்கான வழிகள் மாயமானவை அல்ல. மழை தப்பிய பருவத்தில் குழுக் கடனின் தவணை தானாகத் தள்ளிப்போகும் என்று கடன் பத்திரத்திலேயே எழுதலாம். நிவாரணத்தைப் பட்டா வைத்திருப்பவருக்கு மட்டும் தராமல் சாகுபடி செய்தவருக்குத் தரலாம். கூட்டுப் பட்டாவை வழக்கமாக்கலாம். முன்னறிவிப்பை விழுக்காட்டோடு நிறுத்தாமல், ‘தப்பினால் மறுவிதைப்புக்கு என்ன வழி’ என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். கண்மாய் தூர்வாருவது, தடுப்பணை கட்டுவது போன்ற, தவறினாலும் திருத்திக்கொள்ளக்கூடிய வேலைகளை முதலில் செய்து, ஒரு ஊரையே கிளப்பிவிடுவது போன்ற திருப்ப முடியாத முடிவுகளைக் கடைசிக்குத் தள்ளலாம்.

அடுத்த முறை ஒரு காலநிலை அறிக்கை உங்கள் கைக்கு வரும்போது, அதில் ‘பெண்கள்’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதோடு நிறுத்த வேண்டாம். இந்த முடிவை யார் எடுத்தார்கள், கணிப்பு தவறினால் யார் எதை இழப்பார்கள், இழந்தவர் அந்த முடிவைத் திருத்தச் சொல்ல எங்கே போவது என்று மூன்று கேள்விகளை ஓரத்தில் எழுதிக்கொண்டு வாசியுங்கள். பதில் இல்லாத பக்கங்களில் மடிப்பு வையுங்கள். கிராம சபையில் எழுந்து பேச அந்தப் பக்கங்கள் போதும்.